டாக்டர் சொன்ன மோர்

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் சித்திரையில் என் அண்ணனுக்கு டைபாய்டு கண்டது. அவன் பஞ்சாலையில் தறி ஓட்டியவன். உப்பளம் பேட்டையில் அப்பா இல்லாத எங்கள் வீடு அவன் உழைப்பில்தான் நடந்தது. கொடி மாறினாலும் ஆஸ்பத்திரி மாறவில்லை. டாக்டர் பிரெஞ்சுக்காரர். வார்டைக் கவனித்துக்கொண்ட கன்னியாஸ்திரியும் அந்த நாட்டவர்தான். அவரை எல்லோரும் 'மாசேர்' என்பார்கள். 'என் சகோதரி' என்பதற்கான பிரெஞ்சுச் சொல் எங்கள் வாயில் அப்படி ஆகியிருந்தது.

குடல் புண்ணாகியிருக்கிறது, பார்லித் தண்ணீர் தவிர எதுவும் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மாசேர் கட்டில் பக்கம் வரும்போதெல்லாம் கெஞ்சுவாள்.

"உள்ள நெருப்பா கொதிக்குது மாசேர். ஒரு வாய் மோராவது குடுக்கட்டுமா?"

மாசேருக்கு ஓரளவு தமிழ் வரும். "டாக்டர் சொல்லணும்மா" என்பார்.

ஒருநாள் காலையில் அண்ணனின் முனகல் நின்றது. அசந்து தூங்குகிறான் என்று அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மாசேர் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "இல் ஏ மோர்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "மோர் குடுக்கலாமாம் பாப்பா!" என்று செம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

நான் கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள். அந்த மொழியில் 'மோர்' என்றால் இறந்துவிட்டான் என்று பொருள். எழுத்தில் கடைசியில் ஒரு 'த்' இருக்கும், பேச்சில் அது கேட்காது. நான் அண்ணனைப் பார்த்தேன். பிறகு அம்மாவின் பின்னால் ஓடினேன்.

வாசலில் பூவரச மரத்தடியில் மோர்க்காரி உட்கார்ந்திருந்தாள். "உப்பு போடாத, புண்ணு எரியும்" என்று அம்மா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அண்ணன் போயிட்டாம்மா."

"போடி. டாக்டரே மோர்னு சொன்னாரு. என் காதால கேட்டேன்."

"அது நம்ம மோர் இல்லம்மா. அவங்க பாஷையில செத்துட்டான்னு அர்த்தம்."

மோர்க்காரியின் கை பானைக்குள்ளேயே நின்றுவிட்டது. அம்மா பாதி நிரம்பிய செம்போடு உள்ளே நடந்தாள். அண்ணனின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, அந்த மோரால் அவன் உதட்டை நனைத்தாள். மாசேர் தடுக்கவில்லை. மோர் கழுத்தில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. அப்போதுதான் அம்மா அலறினாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அடுப்படியில் கேட்டாள். "அந்த மாசேர்கிட்ட மோர் குடு, மோர் குடுன்னு தெனமும் கெஞ்சினேனே. அவங்க காதுல அது எப்படி விழுந்திருக்கும்? எம் புள்ளைக்குச் சாவக் குடுன்னு நானே கேட்டுட்டேனா?"

இல்லை என்று நான் சொல்லாத நாளில்லை. அவள் காதில் ஏறவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தேன். பிரெஞ்சு வகுப்புகள் குறைந்து இங்கிலீஷும் இந்தியும் வந்தன. இந்தியில் மோர் என்றால் மயில், இங்கிலீஷில் 'இன்னும் கொஞ்சம்'. அம்மாவின் மனசை மாற்றலாம் என்று வீட்டில் வந்து சொன்னேன்.

"மயிலுன்னா எம் புள்ள வந்துடுவானா?" என்றாள்.

பள்ளியின் சமஸ்கிருத வாத்தியார் இன்னொன்று சொன்னார். பிரெஞ்சு மோரும், இறந்ததைக் குறிக்கும் 'மிருதம்' என்ற வடசொல்லும் ஒரே வேரில் பிறந்தவையாம். சாகாதது என்ற பொருளில் வரும் அமிர்தமும் அந்த வேர்தானாம். தமிழ் மோருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஓசைதான் ஒன்று என்றார். ஒட்டும் உறவும் இல்லாத ஒரு சொல்தான் எங்கள் வீட்டுக்குள் புகுந்திருந்தது. அதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அறுபத்திரண்டில் மாசேர் தன் நாட்டுக்குக் கிளம்பினார். விடைபெற எங்கள் தெருவுக்கும் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அம்மா அவரை உட்காரவைத்து, தண்ணீர்கூடக் கொடுக்காமல் கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கி நான் மோர் கேட்டப்பல்லாம் உங்களுக்கு என்னான்னு கேட்டுச்சு?"

மாசேருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மோர்தாம்மா. தயிர் கடஞ்சு எடுக்கிற மோர். நீங்க தமிழ் பேசினா எனக்குத் தமிழ்தான் கேக்கும்."

அம்மா அந்தக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வருஷக்கணக்காக அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"டாக்டர் சொன்ன உடனே நான் உங்ககிட்ட தமிழ்ல சொல்லிருக்கணும்" என்றார் மாசேர். "நீங்க சிரிச்சீங்க. எனக்கு வாய் வரல."

"எந்தப் பாஷையில சொல்லியிருந்தாலும் அவன் போனது போனதுதானே மாசேர்" என்றாள் அம்மா. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.