நீலச் சட்டை வரிசை

ஓசூரில் மத்திகிரி சாலை மைதானத்தில் இசைவிழா. மேடையில் கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று பாட்டு மாறிக்கொண்டே இருக்கிறது. எனக்கு எதுவும் ஏறவில்லை. வந்ததும் சாப்பிடலாம் என்று நம்பி சர்க்கரை மாத்திரையை பஸ்ஸிலேயே போட்டுவிட்டேன். இப்போது கை நடுங்குகிறது. உயில் எழுதலாமென்றால் பேனாவைக்கூடப் பிடிக்க முடியாது.

சுற்றிலும் சாப்பாட்டுக் கடைகள். கூட்டம் நிற்பதுதானே நல்ல கடை? நீலச் சட்டைக்காரர்களின் நீண்ட வரிசையில் போய் ஒட்டிக்கொள்கிறேன்.

"எந்த கம்பெனிங்ணா? ஐடி கார்டு காணோம்?" என்கிறார் முன்னால் நிற்பவர்.

"சாப்பிட எதுக்குங்க கார்டு?"

"நைட் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிக்கறோம்ணா! ஏறியிருந்தா காலைலதான் எறக்கி விட்டிருப்பாங்க."

வரிசையே சிரிக்கிறது. என் வியர்வையைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நிற்கிறது. "சுகரா?" என்று தோளைப் பிடித்து, ஜெனரேட்டருக்குப் பின்னால் பெயர்ப் பலகைகூட இல்லாத கடைக்கு இழுத்துப் போகிறார்.

"மஞ்சக்கா, மொதல்ல வெல்லம் குடு. அப்பறம் களி. ஷிஃப்டுக்கு முன்னாடி நாங்கல்லாம் இங்கதாண்ணா சாப்பிடுவோம்." பஸ் ஹாரன் அடிக்கிறது. ஓடிவிடுகிறார்.

வெல்லம் கரைகிறது. பார்வை தெளிகிறது. பின்னாலேயே சுடச்சுட ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. நான் மென்று திணறுகிறேன்.

"மெல்லக் கூடாது சார், அப்படியே முழுங்கணும்," என்கிறார் மஞ்சக்கா.

முழுங்குகிறேன். வழுக்கிக்கொண்டு போய் வயிற்றில் உட்காருகிறது. அமிர்தம்!

"ரொம்ப பயந்துட்டீங்களா சார்?"

"நானா? சேச்சே," என்று இரண்டாவது உருண்டைக்குத் தட்டை நீட்டுகிறேன்.