பஸ் வராத ஸ்டாப்பில் ஆள் எண்ணிய கதை

ட்ரோனைப் பறக்கவிட்டு, ஜனங்கள் எந்த வழியில் போகிறார்கள், வருகிறார்கள் என்று வரைபடம் போடுவது என் பிழைப்பு. ஏதோ ஒரு கணக்கெடுக்க எங்காவது தெருமுனையில் போய் நின்றவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

பாடியில் ஒரு நடைப்பயணம்

சென்னை பாடி மேம்பாலத்தடியில் எதிர்த்திசையில் வரும் பைக்குகளை எண்ணச் சொல்லியிருந்தார்கள். ட்ரோன் மேலே ஏறியதுதான் தாமதம், அபராதம் போட வந்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட, அத்தனை பேரும் இறங்கி வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்கள். பேட்டரி தீரும்வரை ஒருவர்கூட ஏறவில்லை. "அபராதமெல்லாம் இல்லண்ணே, எப்பவும் போல ஓட்டுங்க" என்று ஒருவரிடம் கெஞ்சினேன். அவர் நிற்காமலே சொன்னார்: "இன்னா நைனா, ஓட்னாதான ராங் ரூட்டு? தள்ளிகினு போறவன் நடந்து போறவன். அப்டியே எழுதிக்க!"

அம்பத்தூரின் சிவப்பு வட்டம்

தொழிற்பேட்டையில் ஒரு மூலையில் மட்டும் காலையும் மாலையும் வரைபடத்தில் ஆட்களைக் குறிக்கும் புள்ளிகள் மொய்த்தன. முக்கியச் சந்திப்பு என்று சிவப்பு வட்டம் போட்டு, பெருமையாக நேரில் பார்க்கப் போனேன். டீக்கடை. கூட வேலை பார்க்கும் செல்வம் மசால் வடையைக் கடித்துக்கொண்டே, "வட்டத்த அழிச்சிடாதீங்க சார், இன்னும் கொஞ்சம் பெருசா போடுங்க" என்றார்.

கோவில்பதாகையில் கூட்டம்

இங்கிருந்து ஆவடி ரயில் ஸ்டேஷனுக்கு மினி பஸ் விடலாமா என்று பார்க்க வேண்டும். ஸ்டாப்பில் ஆள் இருந்தால்தான் பஸ். பக்கத்தில் ராணுவ இடங்கள் இருப்பதால் பறக்க அனுமதி இரண்டே நாள். முதல் நாள் ஸ்டாப்பில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. மறுநாள் போனால், தெருவே திரண்டு நின்று வானத்தைப் பார்த்துக் கையாட்டுகிறது! கூட்டி வந்தவர் ரோஸ்லின். அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை.

எனக்கு எரிச்சல். "இப்படிக் கொண்டாந்து நிறுத்தினா கணக்குல சேராதும்மா. நேத்து ஒருத்தரையும் காணோமே?" என்றேன்.

"பஸ்ஸே வராத ஸ்டாப்புல எவன் சார் நிப்பான்? நேத்து உங்க மிஷினுக்கு அடியிலதான் ஸ்டேஷனுக்கு நடந்துகினு இருந்தோம். அத எண்ணலியா?"

எண்ணவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே முதல் நாள் படத்தைத் திரும்ப ஓட்டி, ரோட்டோரம் நடந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணி அறிக்கையில் சேர்த்தேன்.

பஸ் வந்தால் ட்ரோன் கொண்டுவந்தது என்பார்கள், வராவிட்டால் நான்தான் ஒழுங்காக எண்ணவில்லை என்பார்கள்.