கயிறு பிடிக்கும் திருமலைச்சாமியும் கடிக்கிற பிராணிகளும்

"திட்டு தாயி, வெயில் ஏறுது."

வில்பட்டியில் பொழுது விடிந்ததும் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்று திருமலைச்சாமி கேட்பது இதைத்தான். காப்பி கேட்பதில்லை. சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருப்பார். இடது காலில் மட்டும் முழங்கால்வரை மண்ணெண்ணெய் மினுங்கும். வேட்டி மடிப்பில் புகையிலைத் தூள், தலைப்பாகைக்குள் ஒரு துண்டு வசம்பு. உள்ளேயிருந்து சண்முகசுந்தரி கரண்டியும் கையுமாக எட்டிப் பார்ப்பாள்.

"வந்துட்டியாண்ணே? தொங்குறது ஏம் புருசன்னு நெனப்பு இருக்கா ஒனக்கு? எறும்பு கடிச்சா எறும்பத்தான் அடிப்பியோ? கையா அது, அகப்பையா?"

கோவிலில் தீர்த்தம் வாங்குகிறவரின் பணிவோடு அவர் முழுவதையும் வாங்கிக்கொள்வார். "போதும் தாயி" என்று கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டுவார்.

கயிறு பிடிப்பதுதான் அவர் தொழில். தங்கை புருஷன் ஞானவேல் பாறை முகத்தில் தொங்கிக்கொண்டு கல்பாசி சுரண்டுவான். கறிக்குழம்புக்கு மணம் தருகிற அதே கறுப்புப் பாசி. மேலே ஒரு கல்லில் காலை உதைத்து உட்கார்ந்து, தன் இடுப்பைச் சுற்றிய கற்றாழை நார்க் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருப்பவர் இவர். அந்தப் பாறை உச்சியில் கயிற்றைக் கட்ட ஒரு மரம்கூடக் கிடையாது. இறங்குகிறவனின் மனைவியோடு பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். விட்டால் தாலி அறுப்பது சொந்தத் தங்கை. ஆகவே பிடி கெட்டியாக இருக்கும் என்று யாரோ பெரியவர் யோசித்திருக்கிறார். அவர் உண்ணியைப் பற்றி யோசிக்கவில்லை. கட்டெறும்பைப் பற்றியும்.

கொடைக்கானல் மலையை யானை ஆள்கிறது என்று சீசனுக்கு வருகிறவர்கள் நம்புகிறார்கள். திருமலைச்சாமிக்குத் தெரிந்தவரை ஆள்வதெல்லாம் கடுகளவுப் பேர்வழிகள்தாம். புல் நுனியில் காத்திருந்து காலில் ஏறுகிற உண்ணி, அவசரப்படாமல் அக்குள்வரை போய்த்தான் குடியேறும். கட்டெறும்புக்கு அந்த நிதானம் இல்லை. இரண்டையும் அவர் தராதரம் பார்த்தே நடத்துகிறார். எறும்புக்கு மரியாதை: "அங்கிட்டுப் போங்க, சோலியா இருக்கேன்ல." உண்ணிக்கு அது கிடையாது: "ஏலே, எறங்குடா!"

போன பங்குனியில் மரியாதைக்குரிய எறும்பு ஒன்று அக்குளில் கடித்தது. ஒரு கை தானாக மேலே போயிற்று. கயிறு இரண்டு முழம் வழுக்கியது. ஞானவேலின் முழங்கால் பாறையில் உரசி, தோல் உரிந்தது, அவ்வளவுதான். ஆனால் காலில் கட்டோடு வந்த புருஷனைப் பார்த்த சண்முகசுந்தரிக்கு அது அவ்வளவுதானாக இல்லை. "இன்னொருக்கா கயிறு வழுக்குச்சுன்னு தெரிஞ்சா, நீ அண்ணனும் இல்ல, அவுக பாறைக்குப் போறதும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையிலும் வாசலில் நிறுத்தி விடாமல் திட்டினாள். அந்தக் கலவரத்தில் அவர் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். சிம்னி விளக்கைத் தட்டி இடது காலில் எண்ணெய் கொட்டியிருந்தது. புகையிலைப் பொட்டலம் மடியில் பிரிந்துவிட்டது. தங்கை குழந்தைக்கு வாங்கிய வசம்பைக் கொடுக்க மறந்து தலைப்பாகையிலேயே வைத்திருந்தார்.

அன்றைக்கு ஒரு கடி கிடையாது.

ஐந்தில் எது மருந்து? அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒன்றை விட்டுப் பார்க்கலாமே என்றேன். "விட்டது எதோ அதுதான் மருந்தா இருந்துச்சுன்னா? கீழ ஒரு உசுரு தொங்குதுங்க" என்றார். சரி, அதற்கப்புறம் பூச்சி கடிக்கவே இல்லையா? "கடிச்சதுங்க. ஆனா அது வேற கடி."

மிஷன் பள்ளியில் சயின்ஸ் நடத்தும் நண்பர் ஒருவரிடம் விசாரித்தேன். உண்ணிக்குக் காதே இல்லை, திட்டு அதற்கு எட்டாது என்றார். வந்து சொன்னேன். "அதுக்குக் காது இல்லாட்டி என்னங்க? எனக்கு இருக்குல்ல?" நான் மறுபடி நண்பரிடம் போனேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

பாசி வாங்குகிற பஜார்க் கடைக்காரர் பிச்சை முகம்மதுவுக்கு வேறு வழக்கு. "சாமி, ஒங்க பாசியில மண்ணெண்ண வாட வருது. கல்யாணப் பந்தியில அம்புட்டுப் பேரும் சோத்த விட்டுட்டுப் பெட்ரமாக்ஸ் லைட்டப் பாக்குறாக." அன்றுமுதல் திருமலைச்சாமி பாசி மூட்டையைத் தொடுவதை விட்டார். மண்ணெண்ணெயை விடவில்லை.

சென்ற வியாழக்கிழமை நான் போயிருந்தபோது, வாசலில் வழக்கம்போல் நின்று, "திட்டு தாயி" என்றார். சண்முகசுந்தரி வெளியே வந்து, "பாத்துப் போயிட்டு வாண்ணே" என்றாள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "என்ன தாயி, ஒடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். பாறைக்குப் போறவுகள வஞ்சு அனுப்பக் கூடாதாம்ல, கந்தம்மாக்கா சொல்லுச்சு. நாக்குல சனி இருந்தா பலிச்சிருமாம்."

"ஒரே ஒரு வார்த்த தாயி. 'நாசமாப் போற'ன்னாவது சொல்லு."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானவேல் சிரித்தான். "வெரசா வாங்க மச்சான். வேணும்னா நான் திட்டுறேன்."

"நீங்க திட்டினா செல்லாது மாப்ள."

திட்டினால் பலித்து மாப்பிள்ளைக்கு ஆபத்து, திட்டாவிட்டால் எறும்பு கடித்து மாப்பிள்ளைக்கு ஆபத்து. யார் சொல்வது சரி என்று என்னைப் பார்த்தார்கள். நான் மேகத்தைப் பார்த்தேன். நாலு மருந்தோடு புறப்பட்டோம்.

ஞானவேல் இறங்கி அரைமணி ஆகியிருக்கும். ஒரு கட்டெறும்பு திருமலைச்சாமியின் முழங்கையில் ஏறியது. "சோலியா இருக்கேங்க" என்றார். அது கேட்கவில்லை. தோளைத் தாண்டிக் கழுத்தில் ஓரிடத்தில் நின்றது. அவர் தாடை இறுகியது. கண்ணில் நீர் கட்டியது. நான் தட்டிவிடக் கையை நீட்டினேன்.

"தொடாதீக சார்" என்றார் பல்லைக் கடித்தபடி. "எனக்குக் கழுத்துல கூச்சம். சிரிச்சுட்டேன்னா அவரு போயிருவாரு."

கையை இழுத்துக்கொண்டேன். கீழேயிருந்து ஞானவேலின் குரல் வந்தது: "மச்சான், ஒரு முழம் எறக்குங்க!"

எறும்பு கன்னத்தில் ஏறி, கண்ணோரத்துக்கு வந்து, இமை மயிரைத் தடவிப் பார்த்தது. திருமலைச்சாமி கயிற்றை விரற்கடை விரற்கடையாக ஒரு முழம் விட்டார். பிறகு அந்த ஒரு கண்ணை மட்டும், எறும்போடு சேர்த்து, மூடிக்கொண்டார்.