கன்னத்தில் வைத்துப் பார்த்த சட்டை

“ஊசி ஒடஞ்சு போச்சுங்க!”

ஐந்தாவது லைனில் தையல் மெஷின்கள் நின்றன. தரையில் குனிந்து இரண்டு துண்டுகளைப் பொறுக்கினார்கள். முனை கிடைக்கவில்லை. செக்கிங் மேசையிலிருந்து கருப்பாத்தாள் நிமிர்ந்ததும் டைலர் தனபால் காதைப் பொத்திக்கொண்டான்.

“அக்கா, வேண்டாமுங்க. குழந்தைச் சட்டை கதைதானே? எம் பொண்டாட்டிக்கே மனப்பாடம்.”

சிரித்தார்கள். முனை காந்தத்தில் ஒட்டி வந்தது. மூன்று துண்டுகளையும் ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிய பிறகே புது ஊசி கொடுத்தார்கள்.

அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் கருப்பாத்தாளுக்குப் பதினேழு வருடம். மெட்டல் டிடெக்டர் வருவதற்கு முன்னால் ஒருநாள், காணாமல்போன ஊசிமுனையை நானூறு குழந்தைச் சட்டைகளை விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்தாள். அதை டீ நேரத்தில் சொன்னாள், சாப்பாட்டில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள். வேறெதுவும் அவளிடம் இல்லை.

மதியம், புதிதாக வந்த ஆறு பெண்களுக்கு ஊசி விதியைச் சொல்லிக்கொடுக்க மெஹ்ஜபினை அனுப்பினார்கள். செக்கிங்கில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆனவள். கருப்பாத்தாளின் மேசை ஓரத்திலேயே நின்று ஆரம்பித்தாள்.

“ஒரு அக்கா. நானூறு சட்டை. ஒவ்வொண்ணா எடுத்துக் கன்னத்துல வெச்சுப் பாத்தாங்க. குழந்தைக்குக் குத்துறது தனக்குக் குத்தட்டும்னு. முந்நூத்தித் தொண்ணூத்தெட்டு வரைக்கும் ஒண்ணுமில்ல...”

நிறுத்தினாள். தனபால்கூட மெஷினை நிறுத்தியிருந்தான்.

கருப்பாத்தாள் கையிலிருந்த சட்டையை மேசையில் போட்டாள். கன்னம் எங்கிருந்து வந்தது? அவள் சொன்னபோது ஒருத்தரும் மெஷினை நிறுத்தியதில்லை.

“அடுத்ததுல சுருக்குன்னு ஏறுச்சு. கன்னத்துல ரத்தம்.”

“ஐயோ. அந்த அக்கா இப்ப எங்கிருக்காங்க?” என்றாள் புதுப் பெண் ஒருத்தி.

மெஹ்ஜபின் கை நீட்டினாள். எல்லோரும் திரும்பினார்கள்.

“ஏனுங்கக்கா, நெசமாவே கன்னத்துலயா வெச்சுப் பாத்தீங்க?”

விரல்தான் என்று சொல்லக் கருப்பாத்தாள் வாயெடுத்தாள். ஆறு பேரும் அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆமா கண்ணு” என்றாள்.

விரல் கதையை எட்டு மாதமாகக் கேட்டிருந்த மெஹ்ஜபின் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று கருப்பாத்தாளுக்கு இருந்தது.

மறுநாள் ஊசி எதுவும் ஒடியவில்லை. எண்ணூறு உருப்படி செக்கிங் முடிந்தது. புதுப் பெண்களில் ஒருத்தி ஒவ்வொரு சட்டையையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். நேரமாகிறது என்று சூப்பர்வைசர் தமிழ்செல்வன் சத்தம் போட்டார். கருப்பாத்தாள் புளிச்சாதம் கொண்டுவந்திருந்தாள். சாப்பாட்டில் கதை எதுவும் சொல்லவில்லை. ஐந்தரைக்கு மணி அடித்தது.