யாரோ போட்ட நீல முடிச்சு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் கண் அறுவை சிகிச்சை செய்கிறவள். கண்ணால் காண்பதும் பொய் என்பார்களே, அதையே வேடிக்கையாக நோயாளிகளிடம் சொல்லிச் சிரித்தவள். ஆனால் இது பொய் இல்லை. என் கண்முன் நடந்தது.

அவர் லாரி ஓட்டுநர். புரை நீக்கி வைத்த லென்ஸ், கதவு இடித்ததில் நழுவிக் கண்ணுக்குள் தொங்கியது. அதைத் தாங்கும் பை கிழிந்திருந்தது. இப்படி ஆனால், லென்ஸின் ஓரங்களில் நீட்டியிருக்கும் இரண்டு மெல்லிய கால்களையும் மயிரிழையைவிட மெல்லிய நீல நூலால் வெள்ளைவிழிச் சுவரோடு சேர்த்துக் கட்ட வேண்டும். காலையில் நானே சோதித்தேன். இரண்டு காலும் அந்தரத்தில் ஆடின.

மதியம் தியேட்டரில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன்.

ஒரு கால் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. நீல நூல்...

"சிஸ்டர், இவரை யார் தொட்டது?"

"யாரும் தொடல டாக்டர்."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். தட்டைப் பார்த்தேன். நூல் பாக்கெட் பிரிக்கப்படவே இல்லை. என் இடத்துக்கு ஆசைப்படும் இன்னொரு சர்ஜன் நினைவுக்கு வந்தார். அவரோ விடுப்பில் இருந்தார். சிஸ்டர் எதையோ மறைக்கிறாள் என்றே தோன்றியது.

மறுபடி குனிந்தேன். வெளியே வெட்டு இல்லை. ஊசி போன துளைகூட இல்லை. பிறகு நூல் எந்த வழியாக உள்ளே போனது?

பெரிதாக்கிப் பார்த்தேன். முடிச்சின் நுனி இடப்பக்கம் மடித்துச் செருகப்பட்டிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படிச் செருகுவது நான் மட்டும்தான்.

"என்ன டாக்டரம்மா, தெரியாத மாதிரி கேக்குறீங்க?" துணிக்கு அடியிலிருந்து ஓட்டுநர் பேசினார். "கொஞ்சம் முன்னாடி வார்டுக்கு வந்து நீங்கதானே தச்சீங்க?"

"நானா?"

"ஆமா. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு... கண்ணை மூடிக்கிட்டே தச்சீங்க. பயந்தே போயிட்டேன்."

சிஸ்டர் கையிலிருந்த இடுக்கி விழுந்தது. ணங்!

"நான்... ஏதாவது சொன்னேனா?"

"'மிச்சத்தை அவ தைப்பா'ன்னீங்க."



மானிட்டர் மட்டும்... பீப்... பீப்...

தைத்தேன். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவருக்குப் பார்வை நன்றாகத் திரும்பிவிட்டது. எனக்குத்தான் தலைவலி விடவில்லை. என் தம்பியும் கண் மருத்துவன். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும் பார்த்தான். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"எப்பக்கா ஆபரேஷன் பண்ணிக்கிட்ட? சொல்லவே இல்ல?"

"என்ன ஆபரேஷன்டா?"

"விளையாடாத. வலது கண்ணுல இருக்கிறது உன் லென்ஸ் இல்ல. நீல நூலால தச்சு வெச்ச லென்ஸ்."

என் கண்ணில் இதுவரை எவரும் கத்தி வைத்ததில்லை.