மதகை அடைத்த டயர்கள்

புது டயரின் ரப்பர் வாசம் வீட்டுக்குள் வந்துவிட்டால் எங்களுக்குப் பெருநாள்தான். மருதமுனைச் சாரன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அக்கரைப்பற்று வரை விற்கப் போகும் வாப்பாவுக்கு ஒரு சோடி டயர் ஒரு வருடம் தாங்காது. புதியது பூட்டிய அன்றே பழையது எனக்கும் தங்கை ஜெசீமாவுக்கும் "உருட்டுவண்டி" ஆகிவிடும். மணல் ஒழுங்கை நெடுகத் தடியால் தட்டி, கத்திக்கொண்டே ஓட்டுவோம், அலுத்ததும் தெருவோர வடிகாலான "கானு"க்குள் தள்ளிவிட்டு வந்துவிடுவோம். எல்லா வீட்டிலும் சைக்கிள் இருந்தது. எல்லா வீட்டுப் பழைய டயரும் அங்கேதான் போனது.

எனக்குப் பதினொரு வயதான ஆண்டின் மாரியில், மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் கான் நிரம்பி ஒழுங்கை ஆறாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆமினா மாமியின் தறி, குழிக்குள் கால்விட்டிருந்து நெய்வது. கலியாணப் புடவைகளுக்கு அதில் பாவு நூல் பூட்டியிருந்தார். "தறிக்குழிக்குள்ள தண்ணி வருது! ஓடி வாங்க!" என்ற அவருடைய சத்தத்துக்கு ஒழுங்கையே திரண்டது.

உம்மா முக்காட்டை இறுக்கிக்கொண்டு, கான் ஒழுங்கைக்கு அடியால் போகும் மதகடியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அடைப்புக்குள் கைவிட்டு இழுத்தார். முதலில் ஒரு டயர் வந்தது, பிறகு இன்னொன்று. நாங்கள் குதித்துக் குதித்து எண்ணினோம். ஐந்தாவது வந்தபோது நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். வெடித்த இடத்தில் வாப்பா நீல நூலால் போட்ட தையல் அதில் இருந்தது.

"ஆருட டயர் இது?" என்று கேட்டார் மாமி.

"எங்கட. நாங்கதான் போட்டம்," என்றேன்.

பின்னேர அஸர் தொழுதுவிட்டு அப்போதுதான் வந்த வாப்பா அதைக் கேட்டார். "புள்ளைகள ஏசாதீங்க. வாங்கினவன் நான், ஓடித் தேய்ச்சவனும் நான். பொறகு எங்க போகுதெண்டு ஒருநாளும் கேக்கல்லியே," என்று சொல்லிக்கொண்டே சாரனை மடித்துக் கட்டித் தண்ணீருக்குள் இறங்கியவர், என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "வா மகள், நீயும் இழு!"

எல்லோரும் சேர்ந்து கடைசி டயரைப் பிடுங்கியதும் மதகு யானைபோலப் பிளிறியது. தண்ணீர் சுழித்துப் பாய, கானின் இரு கரையிலும் நாங்கள் கூத்தாடினோம். தறியடிக்கு ஓடிய மாமி அங்கிருந்தே கூவினார்: "பாவு நனையல்ல, அல்ஹம்துலில்லாஹ்!"

மறுநாள் வாப்பா வீடு வீடாகப் போய், பழைய டயரைக் கானில் போடவேண்டாம் என்று கதைத்தார். அவற்றை நாடாவாகக் கீறி அந்த வருடம் வேலிகளை வரிந்து கட்டினோம்.

இன்று அந்த வேலிகள் இல்லை, மதில்கள் எழும்பிவிட்டன. கானும் கொங்கிரீட் மூடிக்குள் மறைந்துவிட்டது. போன மாதம் இளைய மகளின் சைக்கிளுக்கு டயர் மாற்றிய கடைக்காரர், "பழச நான் வீசுறன் ராத்தா," என்றார்.

"எங்க வீசுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். நான் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அதை வைத்து என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. ஆனால் அது எங்கே கிடக்கிறதென்று எனக்குத் தெரியும்.