அரைக்குடம் தண்ணீர்

யுத்தகாலத்தில் திருச்சுழிப் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் வாத்தியார். காய்கறி பயிரிட உத்தரவு வந்ததால், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு கத்தரித் தோட்டம் போட்டேன். கோடையில் பள்ளிக் கிணறு வற்றியது. ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். முத்தம்மாள் அரைக்குடம்தான் கொண்டுவந்தாள். "சோம்பேறி!" என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன். அவள் அதைச் செடிக்கு ஊற்றினாள்.

மாலையில் அவள் வீட்டு வழியே போனபோது அவளுடைய அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"வெயில்ல வாரீக வாத்தியாரய்யா, செத்த உக்காருங்க. இருந்த ஒரு குடத்துல பாதியச் செடிக்குக் குடுத்துவிட்டேன். மீதியில கஞ்சி காச்சியாச்சு. பக்கத்து வீட்டுல தண்ணி வாங்கியாரேன்."

அவர் வாங்கி வந்த செம்புத் தண்ணீரைக் குடித்தேன். மறுநாள் முத்தம்மாளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாத்தியார் என்ற கௌரவம் தடுத்துவிட்டது.